கூட்டாமல் குறைக்காமல்

யாங்கோன், பபேடான்
செவ்வாய்க்கிழமை

பெறாமல் பெற்ற மகள் பூர்ணாவுக்குப் பெரியப்பா இராமையா எழுதுவது. இங்கே நானும் உன் பெண் ரேவதியும் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம், கூரை வழக்கமாக ஒழுகும் இடத்தில்தான் ஒழுகுகிறது, அங்கே பினாங்கில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் அந்த மாரியம்மன் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடிதத்தை எதிர்வீட்டு ஜஸீலா கையில் கொடுத்து அனுப்புகிறேன், இரண்டு மாத விடுப்பில் தாயைப் பார்க்க வந்தவள் வியாழக்கிழமை விமானத்தில் பினாங்குக்குத் திரும்புகிறாள், கூடவே தின்ன ஊறவைத்த தேயிலை ஒரு பொட்டலமும் காய்ந்த இறாலும் வரும், இறாலில் பாதியை அவளே தின்றுவிட்டால் நான் பொறுப்பில்லை. கைபேசியில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். கைபேசியில் சொன்னால் நீ நடுநடுவே அழுவாய், நான் உன் அழுகைக்குத் தகுந்த மாதிரி கதையை மாற்றிவிடுவேன், தாளில் எழுதினால் மாற்ற வழியில்லை. போதாததற்கு ரேவதி பக்கத்தில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒவ்வொரு வரியையும் பார்த்த பிறகுதான் உறையில் போட விடுவாளாம். பத்து வயதுப் பெண் என்னைக் காவல் காக்கும்படி ஆனதற்கு நீ அனுப்பிய அந்தத் தாள்தான் காரணம், அதனால் இதையெல்லாம் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எல்லாம் அவள் முகத்தில் தொடங்கியது. இங்கே முகத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டைச் சாந்தோடு சுண்ணாம்பும் எலுமிச்சையும் குழைத்துப் பூசினால் மூன்று நாளில் கொரியாக்காரி மாதிரி வெளுக்கலாம் என்று எவளோ ஒருத்தி வீடியோவில் சொன்னதைக் கேட்டு இவளும் பூசிக்கொண்டாள், வெளுக்கவில்லை, தோல்தான் உரிந்தது, உரித்த சேப்பங்கிழங்கு மாதிரி ஒரு வாரம் வளைய வந்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் சேப்பங்கிழங்கு சேப்பங்கிழங்கு என்று கத்தினார்கள், மறைப்பானேன், அந்தப் பெயரை வைத்ததே நான்தான். நீ வீடியோவில் பார்த்து அலறிவிட்டு ஜஸீலாவிடம் ஒரு தாள் எழுதிக் கொடுத்தனுப்பினாய். அதில் மூன்று கேள்வி. இதைச் சொன்னது யார், அவருக்கு இது எப்படித் தெரியும், நாம் நம்பினால் அவருக்கு என்ன கிடைக்கும். மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை எதையும் நம்பாதே, யாருக்கும் அனுப்பாதே, பெரியப்பா நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுங்கள் என்று எழுதியிருந்தாய். பெற்ற பெண்ணை இங்கே விட்டுவிட்டு ஊரான் வீட்டுக் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறவளுக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்தாலும் கற்றுக்கொடுத்தேன், ஒரே மணி நேரத்தில். ரேவதி பென்சிலால் தட்டுகிறாள், ஒரு மணி நேரம் இல்லையாம், மூன்று நாளாம், அதிலும் இரண்டு நாள் அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாளாம். போகட்டும்.

முதல் நாளே அடி என் தலையில் விழுந்தது. கியாக்தான் தீவுக் கோயிலில் ஐந்து தலை நாகம் படியேறி வந்ததாக ஒரு படம் எனக்கு வந்திருந்தது, அதை நான் முப்பது பேருக்கு அனுப்பி, இந்த நாகத்தைச் சிறுவயதில் நானே பார்த்திருக்கிறேன் என்றும் சேர்த்திருந்தேன். உன் பெண் அந்தப் படத்தைக் கைபேசியில் விட்டுத் தேடினாள், அதே நாகம் மூன்று வருடத்துக்கு முன்பு வேறொரு நாட்டில் வேறொரு கோயிலில் ஏறியிருக்கிறது. படிக்கட்டுகூட அதேதான். அப்ப நீங்க சின்ன வயசுல பார்த்தது எந்தப் பாம்பு தாத்தா என்று கேட்டாள். கெட்டிக்காரி என்று தலையில் குட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தெருமுனைப் பாப்பம்மாளை நீ மறந்திருக்க மாட்டாய், பருப்பு வடை போடுகிறவள், வடையைவிட நாக்கில் காரம் அதிகம், புருஷன் அந்த நாக்குக்குப் பயந்துதான் சீக்கிரம் போய்ச் சேர்ந்தான் என்று நான் சொல்வதுண்டு. அவளுக்கு ஒரே மகன் சொக்கன். இருபத்திரண்டு வயது, கைபேசி உறை விற்கும் கடையில் நின்றவன், உடம்பு தென்னை மாதிரி வளர்ந்தது, மூளை அந்த வேகத்தில் வளரவில்லை. இந்த ஊரில் அந்த வயதுப் பையன்களுக்கு வீட்டில் இருப்பதே இப்போது பயம், பச்சைச் சட்டைக்காரர்கள் எப்போது கதவைத் தட்டி இழுத்துப் போவார்களோ என்று, மிச்சம் உனக்குத் தெரியும், தாளில் வேண்டாம். எங்கேயாவது போய்விட வேண்டும் என்று அலைந்தவன் கண்ணில் முகநூலில் ஒரு வேலை விளம்பரம் பட்டது, முழுக்கத் தமிழில், மேலே வேல் படம் போட்டு. நம் ஆட்களை உனக்குத் தெரியாதா. பர்மிய மொழியில் வந்தால் பத்துத் தடவை யோசிப்பார்கள், இங்கிலீஷில் வந்தால் ஏமாற்று என்பார்கள், தமிழில் வந்தால் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இங்கே தமிழ் எழுத்தை எங்கே பார்க்கிறோம், கோயில் பலகையில், கல்யாணப் பத்திரிகையில், கருமாதிக் காகிதத்தில். அந்த எழுத்தில் எவனாவது பொய் எழுதுவானா என்று ஒரு நினைப்பு, படிக்கத் தெரியாததால் மரியாதை இன்னும் ஜாஸ்தி. சொக்கனுக்குத் தமிழ் பேச வரும், ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. நேராக என்னிடம் கொண்டுவந்தான்.

தமிழில் எது வந்தாலும் என்னிடம்தானே வரும், கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவன் இந்தத் தெருவில் நான் ஒருத்தன்தான் மிச்சம். டீக்கடை வாசலில் முக்காலி போடுவார்கள், யாராவது ஒரு டீ சொல்வார்கள், நூறு பேர் கூடுவார்கள். ரேவதி தட்டுகிறாள், பத்துப் பன்னிரண்டு பேர். நான் வெறும் எழுத்தை வாசிக்கிறவன் இல்லை, வெறும் எழுத்து யாருக்கு ருசிக்கும். பாப்பம்மாளுக்குப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து அவள் பெரியம்மா பேரன் ஒரு தடவை இரண்டே வரி எழுதியிருந்தான், நலம், நலமறிய ஆவல், முடிந்தது. அதை நான் அரை மணி நேரம் படித்தேன். உங்கள் பெயரில் ஊரில் ஒரு வேப்பமரம் நட்டிருக்கிறோம், உங்களை நினைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம் என்றெல்லாம் அவன் எழுதியதாகச் சொன்னேன், அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு நாலு வடை கொடுத்தாள். அதற்குப் பிறகு பதினோரு வருடம், என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மரம் இப்ப எந்த உயரம் இருக்கும் அண்ணே என்று கேட்பாள். நானும் வருடத்துக்கு இரண்டு முழம் கூட்டிச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

சொக்கனின் விளம்பரத்தையும் அப்படித்தான் படித்தேன். தாய்லாந்தில் கணினி வேலை, தமிழ்ப் பிள்ளைகள் வேண்டும், சாப்பாடும் தங்க இடமும் உண்டு, அதில் இருந்தது அவ்வளவுதான். நான் படித்தது குளிர்சாதன அறை, இருவருக்கு ஒரு அறை, வெள்ளிக்கிழமை தவறாமல் பாயசம், கட்டடத்தின் கீழேயே ஒரு முருகன் சன்னதி, முதலாளி செட்டிநாட்டுப் பக்கம், வாயில் வெற்றிலைகூடப் போடமாட்டார். பாப்பம்மாள் வடைச் சட்டியை அடுப்பில் அப்படியே விட்டுவிட்டு வந்து நின்று கேட்டாள், நீங்க படிச்சா சாமியே வந்து படிக்கிற மாதிரி இருக்கு அண்ணே என்றாள். கடைசியில் பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது. கண்ணாடி வீட்டில் கிடந்தது. பத்துப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியவில்லை என்று என் வாய் சொல்லுமா, முருகன் துணை என்று போட்டிருக்கிறான் என்று சொல்லி முடித்தேன். இனி மற்றவர்களுக்கும் படித்துக் காட்டலாம் என்று விளம்பரத்தை என் கைபேசிக்கும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அடுத்த திங்கட்கிழமை சொக்கன் பேருந்து ஏறினான், என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறினான். போன இடத்திலிருந்து இரண்டு நாள் பேசினான், நல்லாயிருக்கேன் நல்லாயிருக்கேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான், மூன்றாம் நாளிலிருந்து அவன் கைபேசி ஊமை.

ஒன்பதாம் நாள் பாப்பம்மாள் நம் வீட்டுக்கு வந்தாள், அந்த விளம்பரத்துல நம்பர் கிம்பர் இருக்கான்னு பாருங்கண்ணே என்று. நான் குளித்துக்கொண்டிருந்தேன். உன் பெண் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் எழுத்துக் கூட்டப் படித்திருக்கிறாள் அல்லவா, நான் படிக்கிறேன் ஆத்தா என்று என் கைபேசியை எடுத்துக்கொண்டாள். எழுத்தெழுத்தாகப் படித்தாள். ஈரத் துண்டோடு நான் வெளியே வந்து நிற்கும்போது அந்தப் பொடி எழுத்துக்கு வந்திருந்தாள். பாஸ்போர்ட் வேண்டாம். மியாவதி வரை வந்தால் போதும். எங்கள் வண்டி காத்திருக்கும். வீட்டார் யாரும் உடன் வரக் கூடாது. இத்தனையும் படித்து முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா, இந்தச் சனியன் சீக்கிரம் படித்துத் தொலைக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு. பாப்பம்மாள், பாயசம் எங்க பாப்பா வருது என்று கேட்டாள். ரேவதி மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள், மறுபடியும் மேலே போய் ஓட்டினாள், பாயசம் இல்லை ஆத்தா என்றாள். ஏசியாவது வருதா என்றாள். இல்லை. முருகன் துணைன்னு கடைசியில. அதுவும் இல்லை. பிறகு பள்ளிக்கூடத்து வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்து, மியாவதி எல்லை ஆற்றுக்கு நம் பக்கம்தான் ஆத்தா இருக்கு, தாய்லாந்து வேலைக்கு ஏன் ஆற்றுக்கு இந்தப் பக்கமே வண்டி நிக்குது, ஏன் வீட்டார் வரக் கூடாது என்று கேட்டாள். நீ அனுப்பிய மூன்று கேள்வியையும் ஒன்றுவிடாமல் கேட்டாள், ஒன்றுக்கும் அந்த விளம்பரத்தில் பதில் இல்லை.

பாப்பம்மாள் கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள், வடைச் சட்டியைத் தூக்கி என் மேல் வீசுவாள் என்று பார்த்தேன், அதற்கு என்ன சொல்வது என்றுகூட மனதுக்குள் தயார் பண்ணிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து, அப்ப அந்த வேப்பமரம் அண்ணே என்று கேட்டாள். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக எனக்குச் சேர்த்துச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அப்படி ஒரு மரம் இல்லை என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டீக்கடை வாசலில் என் முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள், என்னை நிற்கவைத்து, படிங்க, எழுதியிருக்கிறத மட்டும் படிங்க, கூட்டக் கூடாது குறைக்கக் கூடாது என்றாள். படித்தேன். கேட்டுவிட்டு வடை அடுப்புக்கு எழுந்து போனாள். அடுத்த நாளும் வந்தாள். இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது, மழையோ கரண்ட் இல்லையோ அவளுக்கு விடுமுறை கிடையாது. தெருவே டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது, முன்பு ஊ ராமையா ஊ ராமையா என்று பர்மிய மரியாதையோடு எழுந்து நின்ற பயல்கள் இப்போது பாயசம் வருது பாயசம் வருது என்கிறார்கள். ரேவதி பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிக்கும் விரல் வைப்பாள், நான் ஒரு சொல் கூட்டினால் இருமுவாள். சேப்பங்கிழங்கு என்று பெயர் வைத்ததற்கு வட்டியோடு வாங்கிக்கொள்கிறாள் உன் பெண், அந்த மூக்கு உன்னுடையது, கல்நெஞ்சு மட்டும் உன்னை விட்டுவிட்டு ஓடிப்போனானே அவனுடையது. சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் சொல்லிப் பார்த்தோம், சொக்கனின் பெயரை எழுதிக்கொண்டார்கள், சில இடத்தில் அதுகூட இல்லை.

பதினான்காம் நாள் என் கைபேசிக்குப் புதிதாக ஒரு விளம்பரம் வந்தது. அதே வேல், கீழே சொக்கனின் படம். புதுச் சட்டை போட்டிருக்கிறான், கழுத்து பாதியாகியிருக்கிறது, பல் மட்டும் சிரிக்கிறது. அவன் எழுதியது போலத் தமிழில் போட்டிருந்தார்கள். நான் பபேடான் சொக்கன், எங்கள் தெருப் பெரியவர் இராமையா ஐயா படித்துச் சொன்னதால் வந்தேன், அவர் சொன்னபடியே குளிர்சாதன அறை, வெள்ளிக்கிழமை பாயசம், கீழே முருகன் சன்னதி, நீங்களும் வாருங்கள். உனக்குப் புரிகிறதா பூர்ணா. எதைக் கேட்டு மயங்கி வந்தாய் என்று அவனைப் பிடித்து வைத்திருக்கிறவர்கள் கேட்டிருக்கிறார்கள், அவன் என் வாயால் கேட்டதைச் சொல்லியிருக்கிறான், எப்படிக் கேட்டார்களோ எதை வைத்துக் கேட்டார்களோ, அவர்கள் அதையே தூண்டிலில் மாட்டிவிட்டார்கள். என் பெயரை முகநூலில் அவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்தபோது முதல் நொடியில் என் நெஞ்சு நிமிர்ந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், இந்த வரியில் ரேவதி பென்சில் வைக்கவில்லை. இப்போது பாப்பம்மாள் இந்தப் புது விளம்பரத்தைத்தான் தினமும் படிக்கச் சொல்கிறாள். எழுதியிருப்பதை மட்டும் படி என்கிறாள், எழுதியிருப்பதே என் பொய்யாக இருக்கிறது, அதைக் கூட்டாமல் குறைக்காமல் நடுத்தெருவில் நின்று படிக்கிறேன். படித்து முடித்ததும் கைபேசியை வாங்கி மகனின் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள், கண்ணைப் பெரிதாக்குவாள், கையைப் பெரிதாக்குவாள், போன வாரம் மணிக்கட்டில் ஒரு கறுப்பைக் கண்டுபிடித்து, இது நிழலா பாப்பா என்று ரேவதியைக் கேட்டாள். தெரியலை ஆத்தா என்றாள் இவள். நிழல்தான் என்று நான் வாய் திறப்பதற்குள் இருமிவிட்டாள்.

போன சனிக்கிழமை கியாக்தானிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் பையும் கையுமாக வந்து இறங்கினார்கள், விளம்பரத்தில் இருக்கும் இராமையா ஐயா நீங்கள்தானா, சும்மா நம்பிவிடக் கூடாது, சொன்ன ஆளையே பார்த்துக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார்கள். பார்த்தாயா, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்திருக்கிறார்கள். அத்தனையும் பொய், நான் கட்டிய பொய், போகாதீர்கள் என்றேன். அண்ணன்காரன் சிரித்தான், பெரியவருக்குக் கமிஷன் வரலை போல, கோபத்துல பேசுறார் என்று தம்பியிடம் சொன்னான். சொக்கன் சிரிக்கிற படம் அவன் கையில் இருக்கிறது, என் கையில் என்ன இருக்கிறது. ரேவதி வரைபடத்தை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள், பாப்பம்மாள் அடுப்பை விட்டு வந்து, தம்பி அது எம் புள்ளைடா, ஒரு மாசமா அவன் குரல் கேக்கல என்றாள். தம்பிக்காரன் மதியப் பேருந்தில் வீட்டுக்குத் திரும்பினான். அண்ணன்காரன் திரும்பவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் உன் பெண் நீ அனுப்பிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். அந்தப் பாயசத்தைச் சொன்னது யார் தாத்தா என்று கேட்டாள். நான் என்றேன். உங்களுக்கு அது எப்படித் தெரியும். தெரியாது என்றேன். அவங்க நம்புனா உங்களுக்கு என்ன கிடைக்கும். யோசித்துப் பார்த்தேன், அவளிடம் மழுப்ப முடியாது. ஒரு டீ, முக்காலி, பத்துப் பேர் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்ப்பது, அவ்வளவுதான் என்றேன். அவ்வளவுக்கா என்றாள். அதைத் தாளின் பின்பக்கம் எழுதியும் வைத்துக்கொண்டாள்.

இனி உனக்கு ஒரு வேலை. அங்கே நம் தமிழ் ஆட்கள் யார் கைபேசியில் அந்த விளம்பரம் வந்தாலும், அதன் கீழேயே நீ எழுத வேண்டும், பபேடான் இராமையா என் பெரியப்பா, அவர் சொன்னது பொய், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று. பெயரைத் தெளிவாகப் போடு, அடையாளத்துக்கு என் படத்தையும் போடு, அந்தப் பட்டுத் துண்டு போட்ட படம் வேண்டாம், அதைப் பார்த்தால் நம்பிவிடுவார்கள். ஜஸீலாவிடமும் சொல்லியிருக்கிறேன், அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, என்னைப் பொய்யன் என்று எழுத எத்தனை வருடமாகக் காத்திருந்தாளோ. நேரத்துக்குச் சாப்பிடு, வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, பாதி வழியில் பேருந்து நின்றாலும் முன்பின் தெரியாதவன் வண்டியில் ஏறாதே. நீயும் உன் கைகால் சுகமும் நீடூழி இருக்க வேண்டும், உன் பெண்ணோடு நீ சேர்ந்து வாழும் நாளை நான் கண்ணால் பார்க்க வேண்டும், இது நான் கூட்டிச் சொல்வது இல்லை. இறால் பொட்டலத்தை எண்ணி வாங்கு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா,
இராமையா

அம்மா, நான் ரேவதி. முழுசும் படிச்சேன். அஞ்சு இடத்துல தாத்தா திருத்திட்டார். கடைசியில சொக்கன் மாமா நல்லா இருக்கார்னு ஒரு வரி எழுதியிருந்தார். அதை நான் அழிச்சிட்டேன். அது நமக்குத் தெரியாது.